நான் வாசியாது விட்ட பக்கம்

நோய்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு போலும். நீரிழிவு உடையவர் அதனைச் சபை நடுவே சொல்லத் தயங்குவதில்லை. இரத்த அழுத்தம் உடையவர் தாம் விழுங்கும் குளிசைகளின் எண்ணிக்கையைக் கலியாணப் பந்தியிலே அமர்ந்தவாறே எடுத்துரைப்பார். இருதய நோயாளிக்கோ தனி மதிப்பு. ஆயின், இடுப்புக்குக் கீழே தோன்றும் நோயைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. அதனை மனைவிக்கு மறைப்பர், மக்களுக்கு மறைப்பர், இயலுமாயின் வைத்தியருக்கும் மறைப்பர். இவ்வாறு மறைத்த ஒருவரைப் பற்றியும், அவருக்குத் துணை நிற்பதாக எண்ணிக்கொண்டு தானும் ஒன்றை மறைத்த மற்றொருவனைப் பற்றியும் சொல்வதே இக்கட்டுரை. முதலாமவர் என் தாய்மாமன். இரண்டாமவன் நான்.

என் மாமா திருகோணமலைத் துறைமுகத்திலே இழுவைப் படகிற் சுக்கானியாக 30 ஆண்டு வேலை பார்த்து இளைப்பாறியவர். உவர்மலையில் உள்ள அவர் வீட்டு விறாந்தையில் அமர்ந்தால் உள்துறைமுகத்தின் ஒரு பகுதி மரங்களின் ஊடே தெரியும். சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல்களை அங்கிருந்தே பார்த்து, 'இது நன்றாய்த் திரும்புகின்றது. இது திரும்பவில்லை' என்று தீர்ப்புக் கூறுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அவர் இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து வெளியே போகத் தொடங்கினார். 'வயது போனால் அப்படித்தான்' என்றார், நாங்களும் நம்பினோம். நீரிழிவுக்காகக் கிளினிக்குக்குச் சென்ற இடத்தில் ஒரு வைத்தியர் இவரை விசாரித்து, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்வித்தார். அதன் அறிக்கையை மாமா அலுமாரியில், பட்டு வேட்டியின் மடிப்பினுள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். நான்கு மாதம் அது அங்கே கிடந்தது. தைப்பொங்கலுக்கு வேட்டியை எடுத்த மாமி அந்தத் தாளைக் கண்டு, புடைவைத் தலைப்பில் மறைத்தபடி என் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு? அவரைக் கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சத்தம் போடுறார்."

நான் கல்லூரியிலே வரலாறு கற்பிப்பவன், மருத்துவம் அறியேன். எனினும், அந்தத் தாளிலே 14 என்னும் எண்ணின் அருகே உடுக்குறி இட்டிருந்ததையும், நான்குக்கு மேற்படலாகாது என அச்சிட்டிருந்ததையும் படித்தறிய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

நோய் இன்னதென்பது

முதலிலே இந்த உறுப்பு யாதென்று சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியிலே, ஒரு பெரிய நெல்லிக்காயளவில், புரொஸ்டேட் என்னும் சுரப்பி இருக்கின்றது. நம் பாடநூல்கள் இதனை முன்னிற்குஞ் சுரப்பி என்று கூறும். சிறுநீர்க் குழாய் இதன் நடுவே துளைத்துக்கொண்டு செல்கின்றது. இதன் இருமருங்கிலும் மயிரிழை போன்ற நரம்புகள் ஓடுகின்றன. இல்லற வாழ்வுக்கு வேண்டிய நரம்புகள் அவை. சற்றுக் கீழே சிறுநீரை அடக்கும் தசைவளையம் உண்டு. சுரப்பி சிறியது, அயலோ நெருக்கமானது. இதிலே கத்தி வைப்பவன் தவறினால் உயிர் தப்பினும் மானம் தப்பாது என்று ஆடவர் அஞ்சுவது இதனாலேதான்.

வயது ஏற ஏற இச்சுரப்பி பெருப்பது இயல்பு. பெருத்ததெல்லாம் புற்றுநோய் அன்று. பி.எஸ்.ஏ. அளவு உயர்ந்ததெல்லாமும் புற்றுநோய் அன்று; வெறும் வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் அது உயரக்கூடும். ஆதலால், அத்தாள் ஒரு தீர்ப்பு அன்று, ஓர் அழைப்பாணையே. அழைப்பாணையை வேட்டிக்குள் மறைத்தால் வழக்கு இல்லாது போய்விடுமா?

மாமாவை இரவுப் புகையிரதத்திலே கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். ஸ்கான் எடுத்தார்கள், ஊசியாற் சிறு சதைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள், எலும்புகளைப் படம் பிடித்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னே முடிவு தெரிந்தது. புற்றுநோய்தான். கிளீசன் என்னும் அளவையிலே ஏழு. அதாவது நடுத்தர வேகமுடையது. ஆயினும், சுரப்பியின் எல்லையைத் தாண்டவில்லை.

கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர், கிளினிக் அட்டையின் பின்புறத்திலே படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யலாம்; அல்லது சுரப்பியை முழுவதும் எடுத்துவிடலாம்; எடுப்பதாயின் வயிற்றைத் திறந்து செய்வதே தமது முறை; ஆறு வாரத்தில் நாள் தருவதாகக் கூறினார். கட்டணம் எதுவும் இல்லை. மூன்றாவது வழியாக, ஒன்றும் செய்யாது அடிக்கடி சோதித்துக் கவனித்திருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த மூன்றாவது வழி சோம்பேறியின் வழி அன்று. பிரித்தானியாவிலே 1643 ஆடவரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதியாருக்குச் சத்திரசிகிச்சையும், ஒரு பகுதியாருக்குக் கதிர்வீச்சும், மற்றையோருக்குக் கவனித்திருத்தலுமாக வகுத்து, 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2023ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தது. மூன்று பகுதியிலும் சேர்த்து இந்நோயால் இறந்தோர் 45 பேர் மட்டுமே. பகுதிக்குப் பகுதி பெரிய வேற்றுமையும் இல்லை. ஆயினும், கவனித்திருந்தவர்களுள் நோய் பரவியோர் மற்றைய பகுதிகளிலும் கூடுதலானவர். இதனை நான் மாமாவுக்கு எடுத்துச் சொன்னபொழுது அவர் தலையை அசைத்தார். "வீட்டுக்குள்ளை பாம்பு எண்டு தெரிஞ்சபிறகு பாயிலை படுக்கேலாது, தம்பி. எடுக்கிறதுதான் சரி" என்றார். எடுப்பது என்று முடிவாயிற்று. எவ்வாறு எடுப்பது என்பதிலேதான் பூசல் பிறந்தது.

காணியா, கத்தியா?

மாமாவின் மூத்த மகன் கனடாவில் ரொறன்ரோ நகரிலே இருக்கின்றான். அவன் தொலைபேசியில் அழைத்து, "இந்தக் காலத்தில் ஆர் வயித்தை வெட்டுறது? இஞ்சை எல்லாம் ரோபோதான். அப்பாவைச் சென்னைக்குக் கொண்டு போங்கோ" என்றான். சென்னையிலே தனியார் வைத்தியசாலை ஒன்றிற் கேட்டறிந்த தொகை, பிரயாணமும் தங்குமிடமும் சேர்ந்தபொழுது, எங்களைப் போன்றோர் கையில் வைத்திருக்கும் தொகையாய் இல்லை. அவனோ அவ்வாண்டுதான் வீட்டுக் கடனில் இறங்கியிருந்தான். பாதி தருவதாகச் சொன்னான். மீதிக்கு ஒரே வழி உப்புவெளியில் இருந்த காணியை விற்பது. அது இளைய மகளின் சீதனத்துக்கென்று வைத்த காணி.

அந்தப் பெண் பொறுமையே உருவானவள். "காணி போனாற் போகட்டும், அப்பா இருக்கட்டும்" என்றாள். அவ்வாறு அவள் சொன்னதே மாமாவின் நெஞ்சைப் பிளந்தது. மகளின் காணியை விழுங்கித் தாம் உயிர் வாழ்வதா என்று அவர் நினைத்தார். மாமியோ, காணிக்காகக் கணவரைக் குறைந்த வைத்தியத்துக்கு உட்படுத்தினோம் என்ற பழி வந்துவிடுமோ என்று அழுதார். ஒரு வாரம் அவ்வீட்டில் அடுப்பு எரிந்ததேயன்றிச் சமையல் ருசிக்கவில்லை.

ஈற்றிலே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ படிச்சவன். நீ வாசிச்சு, எது சரியெண்டு சொல்லு" என்றார் மாமா. பட்டதாரியாய் இருப்பதன் பாரம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரு முறைகளின் கதை

ஒவ்வொரு மாலையும் விறாந்தையில் அமர்ந்து, நான் ஆங்கிலத்திற் படித்ததைத் தமிழில் மாமாவுக்குச் சொல்வேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்பார். வரலாற்று ஆசிரியன் ஆதலால் வரலாற்றிலிருந்தே தொடங்கினேன்.

1904ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ ஹம்ப்டன் யங் என்பவர் புற்றுநோய்க்காக இச்சுரப்பியை முழுதாக எடுக்கும் முறையை வகுத்தார். 1945இல் லண்டனிலே ரெறன்ஸ் மில்லின் என்பவர், அடிவயிற்றின் வழியாகச் சென்று இச்சுரப்பியை அணுகும் வழியை வெளியிட்டார். உயிர் பிழைத்தவர் உண்டு, ஆயின், அக்காலத்தில் இரத்தம் ஆறாய்ப் பெருகும், நரம்புகளும் அறுபடும். அந்நரம்புகள் எவ்வழியாற் செல்கின்றன என்பதே பல்லாண்டு காலம் எவருக்கும் திட்டமாகத் தெரியாதிருந்தது. 1981இல் ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரிலே, இளைப்பாறிய முதிய வைத்தியரான டொன்கர் என்பவரோடு பற்றிக் வோல்ஷ் என்னும் அமெரிக்க நிபுணர் உடனிருந்து ஆராய்ந்து, அவற்றின் பாதையைக் கண்டறிந்தார். மறு ஆண்டே, நரம்பைக் காத்துச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை வோல்ஷ் செய்து காட்டினார். அன்று தொடங்கி இச்சிகிச்சை, உயிரோடு வாழ்வையும் சேர்த்துக் காக்க முயலும் சிகிச்சையாயிற்று.

இனி இயந்திரம். போர்க்களத்திலே காயமுற்ற வீரனுக்கு வைத்தியர் தொலைவில் இருந்தே சிகிச்சை செய்ய இயலுமா என்ற அமெரிக்க இராணுவ ஆராய்ச்சியிலே முளைத்த எண்ணங்களுள் ஒன்று இது. இத்தாலிய ஓவியமேதையின் பெயரைத் தாங்கிய 'டா வின்சி' என்னும் இயந்திரத்துக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. அதனைக் கொண்டு இச்சுரப்பியை எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் டிட்ரொயிற் நகரத்து மணி மேனன். திருச்சூரிலே பிறந்து, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் அவர். இதைக் கேட்ட மாமா, "அப்ப எங்கடை பக்கத்து ஆள்தான்" என்று மகிழ்ந்தார். 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் ஏறத்தாழ 35 கோடி இந்திய ரூபாய்ச் செலவில் இயந்திர சத்திரசிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது.

'ரோபோ' என்றதும் இரும்பு மனிதன் ஒருவன் கத்தியோடு வந்து நிற்பான் என்று மாமி எண்ணியிருந்தார். அஃது அவ்வாறன்று. இயந்திரம் தானாக ஒன்றையும் வெட்டுவதில்லை. வயிற்றிலே ஐந்தாறு சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வர். துளைகளின் வழியே புகைப்படக் கருவியையும் மெல்லிய கருவிகளையும் புகுத்துவர். நிபுணர் அதே அறையின் ஒரு மூலையில் அமர்ந்து, ஏறத்தாழப் பத்து மடங்கு பெருத்துத் தெரியும் காட்சியை நோக்கியவாறு, கைப்பிடிகளை அசைப்பார். அவர் விரல் எவ்வாறு திரும்புகின்றதோ அவ்வாறே உள்ளே இருக்கும் கருவியும் திரும்பும். கை நடுங்கினால் அந்நடுக்கத்தை மட்டும் இயந்திரம் நீக்கிவிடும். திறந்த முறையிலோ தொப்புளின் கீழே நான்கு அங்குல அளவில் வெட்டி, கண்ணாற் கண்டு, விரலாற் தொட்டுச் செய்வர். அந்தத் தொடுகையுணர்வு பெரும்பாலான இயந்திரங்களுக்கு இல்லை. எம்முறையாயினும் உள்ளே நடப்பது ஒன்றே: சுரப்பியை எடுத்து, சிறுநீர்ப்பையின் கழுத்தைக் குழாயோடு மீண்டும் தைப்பது.

அப்படியாயின் எது சிறந்தது? விற்பவரைக் கேட்டால் தம் சரக்கே சிறந்தது என்பர். ஒரு சாசனத்தைப் படிக்கும்பொழுது, 'இதனை வெட்டுவித்தவன் யார்? அவனுக்கு இதனால் என்ன பயன்?' என்று கேட்க வேண்டும் என நான் மாணவர்களுக்குக் கற்பிப்பதுண்டு. அந்தக் கேள்வியை இங்கும் கேட்டேன். இரண்டு முறைகளையும் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலே நடந்திருந்தது. 326 ஆடவர், சரிபாதியாக இரு பகுதியினர். 2016இல் முதல் முடிவும், 2018இல் இரண்டாண்டு முடிவும் வெளிவந்தன.

இரத்த இழப்பிலே இயந்திரத்துக்கே வெற்றி: திறந்த முறையிற் சராசரி 1338 மில்லிலீற்றர், இயந்திர முறையில் 444 மட்டுமே. வைத்தியசாலையிற் தங்கிய காலமும் அதற்குப் பாதியளவே. ஆனால், சிறுநீரை அடக்கும் ஆற்றலும் இல்லற ஆற்றலும் மூன்று மாதத்திலும் ஒன்றே; இரண்டு ஆண்டிலும் ஒன்றே. குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

ஓர் எண் மட்டும் என் உறக்கத்தைக் கெடுத்தது. இரண்டாண்டு முடிவில் பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்தவர்கள் திறந்த முறையில் நூற்றுக்கு ஒன்பது பேர். இயந்திர முறையில் மூன்று பேர். ஆய்வை நடத்தியவர்களே, சிகிச்சைக்குப் பின்னைய வைத்தியம் எல்லோருக்கும் ஒரே ஒழுங்கில் அமையாமையால் இதனைக் கொண்டு முடிவு கட்டலாகாது என எச்சரித்திருந்தார்கள். எனினும், நான் இதனை மாமாவிடம் மறைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

அதனோடு மற்றொன்றையும் சொன்னேன். பிறிஸ்பேனிலே திறந்த முறையைச் செய்த நிபுணர் 1500க்கு மேற்பட்ட சிகிச்சைகளைச் செய்து பழகியவர். இயந்திரத்தைக் கையாண்டவர் அம்முறையிலே சில ஆண்டுப் பழக்கமே உடையவர். இருந்தும் இருவரும் ஏறத்தாழச் சமமாக வந்தனர். இதனை இயந்திரத்தின் பெருமையென்றும் சொல்லலாம்; கைப்பழக்கத்தின் பெருமையென்றும் சொல்லலாம். 2007இல் அமெரிக்காவிலே 72 நிபுணர்களிடம் திறந்த முறைச் சிகிச்சை பெற்ற 7765 பேரின் விபரங்களை ஆராய்ந்தார்கள். பத்துச் சிகிச்சை மட்டும் செய்து பழகியவரிடம் சென்றவர்களுள், ஐந்தாண்டுக்குள் நோய் தலைகாட்டியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். 250 செய்தவரிடம் சென்றவர்களுள் 11 பேர். முறையோ ஒன்றே, கை வேறு.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, பெரிய கப்பல் வந்தால் கப்டன் எவ்வளவு படிச்சவரெண்டாலும், இந்தத் துறைமுகத்துக்குள்ளை வர முந்திப் பைலட் ஏறவேணும். கப்பல் புதிசோ பழசோ எண்டு நாங்கள் பாக்கிறேல்லை. இழுவைப் படகிலை நிண்டுகொண்டு, இண்டைக்குப் பைலட் ஆர் எண்டுதான் கேப்பம். அந்தக் கொழும்பு டொக்டர் எத்தினை செய்திருக்கிறார்? அதைக் கேள்."

நான் இத்தனை நாள் படித்து அடைந்த இடத்தை அவர் ஒரே வாக்கியத்தில் அடைந்துவிட்டார்.

கொழும்பிலே அந்நிபுணரிடம் அதனைக் கேட்பதற்கு எனக்கு நாக்கூசியது. மாமாவே தம் துறைமுகச் சிங்களத்திற் கேட்டார். வைத்தியர் கோபிக்கவில்லை. பல நூறு செய்திருப்பதாகவும், தம்மிடம் வந்தவர்களுள் எவ்வளவு பேருக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தது, எவ்வளவு பேர் ஓராண்டின் பின்னும் துணி வைத்திருக்க வேண்டியதாயிற்று என்பனவற்றையும் ஒளியாது சொன்னார். 'இயந்திரம் நல்லதுதான், என்னிடம் இருந்தால் நானும் பழகுவேன்' என்றார். தன் கருவியின் குறையைச் சொல்ல அஞ்சாத அந்த மனிதரிடத்திலே மாமாவுக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனி மாதத்துக்கு நாள் குறித்தோம். உப்புவெளிக் காணி விற்கப்படவில்லை.

விட்ட பக்கம்

சிகிச்சை மூன்றரை மணி நேரம் நடந்தது. இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். நாட்டின் நெருக்கடி முற்றாகத் தீராத காலம் ஆதலால், சில மருந்துகளை வெளியே வாங்கிக் கொடுத்தோம். ஆறாம் நாள் வீடு திரும்பினார். இரண்டு வாரத்திற் குழாயை எடுத்தார்கள். அறிக்கையிலே, வெட்டிய விளிம்பிற் புற்றுநோய் இல்லை என்றிருந்தது. மாமி கோணேசர் கோயிலில் அருச்சனை செய்வித்தார். கதை இனிது முடிந்தது என்று நான் எண்ணினேன்.

அது முடியவில்லை. குழாயை எடுத்தபின் சிறுநீர் அடங்கவில்லை. இருமினாற் சிந்தும், எழுந்தாற் சிந்தும். எட்டு மாதம் மாமா துணி வைத்துக்கொண்டு நடமாடினார். கடற்கரைக்குப் போவதை நிறுத்தினார். கோயில் உற்சவத்துக்கும் வரவில்லை; ஈர வேட்டியோடு சந்நிதியில் நிற்கலாமா என்றார். அந்நாளில் ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் அழைத்தால், 'நான் அப்பவே சொன்னனான்' என்ற சொல் அவன் வாயில் வராதபொழுதும், அவன் மௌனத்திலே அதனைக் கேட்டேன். இயந்திரமாயினும் பலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு என்பதைப் பிறிஸ்பேன் எண்களைக் காட்டி நிறுவ என்னால் முடியும். ஆனால், நனைந்த வேட்டியை அலசுகின்ற வீட்டிலே எண்களுக்கு என்ன மதிப்பு?

ஒரு மாலை டச்சுக்குடாக் கடற்கரைக்கு அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். இருள் விழுந்தபின், கடலைப் பார்த்தவாறே அவர் பேசினார்.

"தம்பி, நீ எனக்கு எல்லாம் வாசிச்சுச் சொன்னாய். ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்காமல் விட்டாய்."

எனக்குத் திடுக்கிட்டது.

"ஒவ்வொரு நாளும் ஒரு இடத்திலை கெதியாய்த் தாளைப் பிரட்டுவாய். எனக்கு விளங்கினது. நானும் கேக்கேல்லை. டொக்டர்தான் பிறகு சொன்னவர். மாமிக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவள், நான் தன்னிலை கோபமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

உண்மை. சிகிச்சையின் பின் சிறுநீர் சிந்தும் காலத்தையும், அதற்கு முன்னதாகவே இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்திப் பழக வேண்டும் என்பதையும், நரம்புகள் காக்கப்பட்டாலும் கணவன் மனைவி வாழ்வு ஓராண்டு ஈராண்டு தடைப்படலாம், சிலருக்கு மீளாமலே போகலாம், அதற்கும் மருந்துகள் உண்டு என்பதையும் எழுதிய பக்கங்களை நான் படித்திருந்தேன். 'ஆற்றல்கள் ஒன்றே' என்று பொதுப்படச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் என் தாய்மாமன். தோளிலே தூக்கி வளர்த்தவர். அவருக்கு முன் அந்தச் சொற்களை உச்சரிக்க என் நா எழவில்லை. எது எடுப்பது, எதனால் எடுப்பது என்றெல்லாம் ஆராய்ந்த நான், எடுத்தபின் அவர் எவ்வாறு வாழ்வார் என்பதை வெட்கத்துக்கு விட்டுவிட்டேன். வேட்டி மடிப்பிலே அறிக்கையை ஒளித்த அவருக்கும், தாளைப் புரட்டிய எனக்கும் என்ன வேற்றுமை?

மறுநாள் என் மனைவியை மாமியிடம் அனுப்பினேன். அவள் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். மாமி நெடுநேரம் பேசாதிருந்து, "இதையா இவ்வளவு நாளும் மறைச்சவை? நான் வேறை என்னவோ எண்டு பயந்துபோனன்" என்றாராம். அவ்வளவுதான். ஒரு வைத்தியமனைத் தாதி பயிற்சி முறையைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு நேரத்தை மாமியே குறித்தார்: காலையில் தேநீருக்கு முன், மாலையில் விளக்கு வைத்தபின். பத்தாம் மாதத்திலே துணி வேண்டியதில்லை என்றாயிற்று.

மருந்தைப் பற்றிச் சொல்லவந்த திருவள்ளுவர் நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு பேரையும் ஒரே வரிசையில் வைத்தார். இயந்திரமும் கத்தியும் மூன்றாவதனுள் அடங்கும். நாங்கள் அந்த மூன்றாவதனைப் பற்றியே ஒரு மாதம் வாதிட்டோம்; நான்காமவரை இருட்டிலே நிறுத்தியிருந்தோம்.

இப்பொழுது இரண்டரை ஆண்டு ஆகின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்கிறோம், கருவிக்கு எட்டாத அளவில் இருக்கின்றது. நாங்கள் தெரிந்தது சரியா என்று கேட்டால், அந்த வைத்தியருடைய கை சரி என்பேன். அதே கை இயந்திரத்திற் பழகியிருந்து, செலவும் எட்டியிருந்தால், இரத்தத்தையும் நாட்களையும் மிச்சம் பிடித்திருக்கலாம் என்பதையும் மறுக்கேன். வாசகர்களுள் எவருக்கேனும் இத்தகைய நிலை நேர்ந்தால், 'ரோபோவா, கத்தியா?' என்பதை இரண்டாவது கேள்வியாக வையுங்கள். 'நீங்கள் எத்தனை செய்தீர்கள்? அவர்கள் எவ்வாறு இருக்கிறார்கள்?' என்பது முதலாவதாகட்டும். வீட்டில் உள்ளவர்களையும் உடன் இருத்திக் கேளுங்கள்.

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் அழைத்தான். அவனுக்கு வயது 44. தந்தைக்கு இந்நோய் வந்தால் மகனுக்கும் வரக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 45 வயதளவிலே வைத்தியரோடு பேசத் தொடங்குவது நன்று. இதனை அவனுடைய வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"மச்சான், அப்பாட்டைக் கேக்க வெக்கமாயிருக்கு. அவருக்குப் பிறகு எப்படி இருந்தது? எல்லாம் சொல்லு" என்றான்.

விறாந்தையிலே மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். கேட்கும் தொலைவுதான். நான் அவரைப் பார்த்தேன். அவர் துறைமுகப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல் என்பது போலக் கையை அசைத்தார்.

நான் முதலிலிருந்து சொன்னேன். இம்முறை எந்தப் பக்கத்தையும் விடவில்லை.